சுருக்க வழக்கும் சங்கத்தின் எதிர்வாதமும்

சங்கம் நூல் வாங்குகிறது, விதை வாங்குகிறது, உரம் வாங்குகிறது. வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுப்பதில் தாமதமோ தகராறோ நேர்ந்தால் விற்றவர் நீதிமன்றத்தை நாடுவது இயல்பே. ஆயினும் எல்லாப் பணத் தாவாக்களும் ஒரே பாதையில் செல்வதில்லை என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் அறியார். சிங்கப்பெருமாள் கோயிலில் கூடிய அங்கத்தினர் கல்வி வகுப்பில் நெசவாளர் சங்கத்து நிர்வாகி ஒருவர், "சம்மன் வந்தால் வாய்தா தேதியில் போய் நின்றால் போதாதா?" என்று கேட்டார். ஒருவகை வழக்குக்கு அது போதாது. அந்த வகை எது, அதில் சங்கம் செய்ய வேண்டுவது யாது என்பதே இப்பாடம்.

பாடலாத்ரிப் பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய விரும்புவோர் அங்கே மலையையே சுற்றிவர வேண்டும். கர்ப்பக்கிருகம் பாறையில் குடையப்பட்டதாதலால் வேறு வழியில்லை. சாதாரண சிவில் வழக்கும் அத்தகையதே. பிராது, எதிர்வழக்குரை, எழுவினாக்கள், சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு என்று முழுச் சுற்றும் வந்தாக வேண்டும். ஆனால் 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளை, வாதிக்கு ஒரு குறுக்கு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்குச் சுருக்க வழக்கு என்று பெயர். அதில் பிரதிவாதிக்கு எதிர்வாதம் செய்யும் உரிமை தானாகவே கிடைப்பதில்லை. நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டுப் பெற்றால்தான் உண்டு. கேட்கத் தவறினாலோ, கேட்டும் கிடைக்காமற் போனாலோ, ஒரு சாட்சியும் கூண்டேறாமலேயே டிக்ரி பிறந்துவிடும்.

இம்முறை இங்கிலாந்தில் 1855-இல் உண்டிகள், புரோநோட்டுகள் ஆகியவற்றின் பொருட்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழிவந்தது. கையெழுத்திட்ட கடன் சீட்டை வைத்துக்கொண்டு, பொய்யான மறுப்புகளை முறியடிக்க வியாபாரி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாகாது என்பது அதன் கருத்து. கருத்து நியாயமானதே. நம் சங்கங்களும் வெளியாரிடம் வர வேண்டிய பாக்கிக்கு இதே வழியைப் பயன்படுத்தலாம் என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் இன்று நாம் பேசுவது மறுபக்கத்தை.

எவ்வெப் பாக்கிகள் இதில் அடங்கும்?

உண்டி, புரோநோட்டு, காசோலை ஆகியவை முதல் வகை. எழுத்து மூலமான ஒப்பந்தத்தின்பேரில் வர வேண்டிய குறிப்பிட்ட தொகை, சட்டத்தின்படி செலுத்த வேண்டிய குறிப்பிட்ட தொகை, ஜாமீன் கடிதத்தின்பேரிலான தொகை ஆகியவை மற்றவை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கட்டளையை விரிவாக்கித் திருத்தி அமைத்தது. 1977 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. இன்னதென்று கணக்கிட்டுச் சொல்லப்படாத நஷ்டஈடு இதில் அடங்காது. வெறும் பேரேட்டு நிலுவையை மட்டும் காட்டி இவ்வழியில் வந்திருந்தால், இது எழுத்து மூலமான ஒப்பந்தம் அன்று, ஆகவே சாதாரண வழக்காகவே நடக்க வேண்டும் என்று முதலிலேயே ஆட்சேபிப்பது தகும்.

வந்திருப்பது சுருக்க வழக்குதானா என்று அறிவது எளிது. பிராதின் தலைப்பில் வழக்கு எண்ணுக்குக் கீழே 37-ஆம் கட்டளையின்படி தொடுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். அக்கட்டளைக்கு உட்படாத எந்தப் பரிகாரமும் கோரப்படவில்லை என்ற வாசகமும் பிராதில் இருந்தாக வேண்டும். சம்மனைப் பெற்றவுடன் அலுவலக எழுத்தர் பார்க்க வேண்டியது வாய்தா தேதியை அன்று, இந்தத் தலைப்பைத்தான்.

பத்து நாட்கள், இருமுறை

சம்மனும், அதனுடன் பிராதின் நகலும் இணைப்புகளும் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் சங்கம் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ முன்னிலையாகி, தனக்கு அறிவிப்புகள் அனுப்ப வேண்டிய முகவரியைத் தாக்கல் செய்ய வேண்டும். முன்னிலையான அன்றே வாதியின் வழக்கறிஞருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். சார்வு செய்த நாளை நீக்கிக் கணக்கிடுக. மூன்றாம் தேதி சம்மன் வந்தால் பதின்மூன்றாம் தேதி கடைசி நாள்; அன்று நீதிமன்றம் விடுமுறையாயின் மறுபடி திறக்கும் நாள். இந்தப் பத்து நாள் தவறினால், பிராதில் கண்டவை யாவும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே சட்டம் கொள்ளும்.

முன்னிலையான பின்பு வாதி "தீர்ப்புக்கான சம்மன்" என்ற மற்றொன்றை அனுப்புவார். அதனுடன் தொகையை உறுதிசெய்தும், பிரதிவாதிக்கு எதிர்வாதம் ஏதுமில்லை எனத் தாம் நம்புவதாகவும் ஒரு பிரமாணப் பத்திரம் வரும். இது சார்வான நாளிலிருந்து இரண்டாவது பத்து நாள் தொடங்குகிறது. அதற்குள் எதிர்வாத அனுமதி கோரும் மனுவும், சங்கத்தின் பிரமாணப் பத்திரமும் தாக்கலாக வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தோம் என்பது எத்தகைய காரணம் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். தலைவரோ தனி அலுவலரோ அவசரக் கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, வழக்கறிஞருக்கு வக்காலத்தை முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நூல் வியாபாரி ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ இருக்கக்கூடும். வியாபாரத்தின் ஒரு பகுதி அங்கே நிகழ்ந்திருந்தால் வழக்கையும் அங்கேயே தொடுக்க அவருக்கு இடமுண்டு. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குப் பரனூரைத் தாண்டினால் அடுத்த ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம், கோயம்புத்தூருக்கு அப்படியன்று. பத்து நாளோ இரண்டு ஊருக்கும் ஒன்றே.

ஓர் உதாரணம்

எளிதில் விளங்கும் பொருட்டு ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நெசவாளர் சங்கம் 40-ஆம் நம்பர் சிட்ட நூலைக் கட்டு 1,600 ரூபாய் வீதம், வரி நீங்கலாக, மூன்று தவணையாக ஐம்பது ஐம்பது கட்டு வாங்க ஏற்பாடு செய்கிறது. மொத்தம் 2,40,000 ரூபாய். முதல் கட்டு இறங்குமுன்பே வியாபாரி அத்தொகைக்கு ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்கிறார். "இது வெறும் ஈடுதான், கணக்கு முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவேன்" என்பது அவர் சொல். முதல் தவணைக்குரிய 80,000 ரூபாயைச் சங்கம் வங்கி மூலம் செலுத்திவிட்டது. இரண்டாவது தவணை நூல் நன்றாக இருந்தது. பணம் இன்னும் கொடுக்கவில்லை. மூன்றாவது தவணையில் நூல் தடிப்பாக இருப்பதாக நெசவாளர்கள் முறையிட்டனர். பின்னர் வியாபாரி புரோநோட்டை வைத்து 2,40,000 ரூபாய்க்கும் வட்டிக்கும் சுருக்க வழக்குத் தொடுக்கிறார்.

இங்கே சங்கத்தின் நிலை மூன்று வகையாகப் பிரிகிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வழக்கு முடிந்தது எனலாம்.

முதல் 80,000 ரூபாய் செலுத்தப்பட்டது. வங்கிக் கணக்கு விவரமே அதற்கு ருசு.

இரண்டாவது 80,000 ரூபாய் உண்மையாகவே கொடுபட வேண்டியது. இதை மறுப்பது தருமமும் அன்று, புத்திசாலித்தனமும் அன்று. கோரப்பட்ட தொகையில் ஒரு பகுதி தம்மிடமிருந்து வர வேண்டியதே எனப் பிரதிவாதி ஒப்புக்கொண்டால், அப்பகுதியை நீதிமன்றத்தில் கட்டினாலன்றி எதிர்வாத அனுமதி கிடையாது என்று மூன்றாம் விதியே கூறுகிறது. ஆகவே மனுவைத் தாக்கல் செய்யும்போதே இத்தொகைக்குரிய ஏற்பாடும் ஆகியிருக்க வேண்டும். கட்ட மனமின்றி அதையும் சேர்த்து மறுக்கும் சங்கம், மற்ற இரண்டு பகுதிகளிலும் தன் சொல்லுக்கிருக்கும் மதிப்பைக் கெடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது 80,000 ரூபாயே மெய்யான தகராறு. நூலின் நம்பர் என்பது யாது என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீதிபதிக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நம்பர். பத்துப் பவுண்டு, அதாவது 4.54 கிலோ, எடையுள்ள 40-ஆம் நம்பர் கட்டில் 400 சிட்டம் இருத்தல் வேண்டும். அதே எடையில் 340 சிட்டமே இருந்தால் வந்தது 34-ஆம் நம்பர். எடை சரியாக இருக்கும். நீளமோ கட்டுக்கு 60 சிட்டம், அதாவது 50,400 கஜம், குறைந்துவிடும். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் இழை! ஐம்பது கட்டுக்கு இது எவ்வளவு சேலைகளின் குறைவு என்பதைச் சங்கத்தின் உற்பத்திக் கணக்கே காட்டும். 40-க்கென்று அமைந்த அச்சில் தடித்த இழை உராய்ந்து அறுவதும், நெசவாளியின் கூலி நாள் வீணாவதும் தனி.

நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

அனுமதி மனு விசாரணையில் நீதிமன்றம் யார் சொல்வது உண்மை என்று தீர்மானிப்பதில்லை. விசாரிக்கத்தக்க விவகாரம் ஒன்று இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. பிரதிவாதி வெளியிட்ட விவரங்களிலிருந்து கணிசமான எதிர்வாதம் ஏதும் தோன்றவில்லை, அல்லது எதிர்வாதம் அற்பமானது, தொல்லை தரும் நோக்கமுடையது என்று திருப்தியுற்றாலன்றி அனுமதியை மறுக்கலாகாது என்பது 1976 திருத்தத்துக்குப் பின்னுள்ள விதி.

இதில் சங்கங்கள் அறிந்திருக்க வேண்டிய முதல் தீர்ப்பு, 1958-இல் உச்ச நீதிமன்றம் சந்தோஷ் குமார் எதிர் பாய் மூல் சிங் என்னும் வழக்கில் அளித்தது. அது தில்லியில் எழுந்தது. அறுபதாயிரம் ரூபாய்க் காசோலை ஒன்று பணமாகாமல் திரும்பியது. காசோலையை வைத்திருந்தவர் வழக்குத் தொடுத்தார். பிரதிவாதிகளோ, சரக்கின் விலைக்கு ஈடாகவே அக்காசோலையைக் கொடுத்தோம், சரக்குக்குரிய பணத்தைப் பின்னர் ரொக்கமாகவும் வேறு காசோலைகளாலும் தீர்த்துவிட்டோம், ஆகவே காசோலை எங்களிடம் திரும்ப வேண்டியது என்றனர். விசாரிக்கத்தக்க விவகாரம் உண்டு என்று கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அதைத் தாங்கும் பத்திரங்கள் காட்டப்படவில்லை, எதிர்வாதம் தெளிவற்றது என்று கூறி, வழக்குத் தொகை முழுமைக்கும் செலவுக்கும் ஜாமீன் கட்டினால்தான் அனுமதி என்று நிபந்தனை விதித்தது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சொல்லப்படும் விவரங்கள் மெய்ப்பிக்கப்பட்டால் அவை நல்ல எதிர்வாதமாகுமா என்பதே இக்கட்டத்தில் கேள்வி. அத்தாட்சியைக் கொண்டு மெய்ப்பிப்பது அனுமதிக்குப் பிந்திய விசாரணைக்குரியது என்று கூறி அந்நிபந்தனையை நீக்கியது. நம் உதாரணத்திலுள்ள ஈட்டுப் புரோநோட்டும் இதே இனந்தான் என்பதைக் கவனிக்க.

அடுத்தது 1976-ஆம் ஆண்டு மெக்கலெக் எஞ்சினியர்ஸ் வழக்கு. அதிலும் திரும்பிய காசோலையே அடிப்படை. விசாரணை நீதிமன்றம் நிபந்தனையின்றி அனுமதி அளித்தது. தில்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றமோ முதல் உத்தரவையே நிலைநிறுத்தி, எதிர்வாதத்தின் தன்மைக்கேற்ப அனுமதி எவ்வாறு அமைய வேண்டும் என்ற படிகளையும் வகுத்தது. அப்படிகளைப் புதிய விதிக்கு ஏற்ப 2016-இல் ஐ.டி.பி.ஐ. டிரஸ்டிஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கில் அதே நீதிமன்றம் திருத்தி அமைத்தது. அதன் சாரம் இது: கணிசமான எதிர்வாதம் காட்டப்பட்டால் நிபந்தனையற்ற அனுமதி. வெற்றி நிச்சயமில்லை, எனினும் நியாயமான விவகாரம் உண்டு என்றால் அப்போதும் பெரும்பாலும் நிபந்தனையற்ற அனுமதியே. விவகாரம் இருந்தும் பிரதிவாதியின் நல்லெண்ணத்தில் ஐயம் தோன்றினால் பணம் கட்டவோ ஜாமீன் தரவோ நிபந்தனை விதிக்கலாம். சாத்தியமே எனினும் நம்புதற்கரிய எதிர்வாதமானால், அசலும் வட்டியும் முழுவதுங்கூடக் கட்டச் சொல்லலாம். ஏதுமே இல்லையானால் அனுமதி மறுக்கப்படும்.

நல்லெண்ணத்தில் ஐயம் என்பதே நம் சங்கங்கள் தடுக்கி விழும் இடம். நூல் சரியில்லை என்பது வழக்கு வந்த பின்பு முதன்முதலாகச் சொல்லப்பட்டால் எந்த நீதிபதிக்கும் ஐயம் எழும். சரக்கு இறங்கிய நான்காம் நாளில் எழுதிய கடிதம் ஒன்றிருந்தால் அந்த ஐயம் எழாது. பத்திரம் இன்றியும் அனுமதி பெறலாம் என்று 1958 தீர்ப்பு கூறுவது உண்மையே. அதற்காகப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை!

பிரமாணப் பத்திரம்

நம் பார்வைக்கு வரும் பல பிரமாணப் பத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். "பிராதில் கண்டவை யாவும் பொய், வாதி கெட்ட எண்ணத்துடன் வழக்குத் தொடுத்துள்ளார், சங்கம் யாதொரு தொகையும் தர வேண்டியதில்லை, வழக்கைச் செலவுத் தொகையுடன் தள்ளுபடி செய்ய வேண்டும்." இவ்வாறு எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றே. இதில் விவரம் ஒன்றுமில்லை. விதி கேட்பதோ விவரத்தை. நம் உதாரணச் சங்கத்தின் செயலாளர் எழுத வேண்டியது ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

"வழக்குப் புரோநோட்டு எழுதிய நாளில் சங்கம் வாதியிடமிருந்து சரக்கோ ரொக்கமோ பெறவில்லை. பின்னர் மூன்று தவணையாக வரவிருந்த நூலுக்கு ஈடாகவே அது கொடுக்கப்பட்டது. முதல் தவணைக்குரிய 80,000 ரூபாய் வங்கி மூலம் செலுத்தப்பட்டது; கணக்கு விவரம் முதல் ஆவணம். இரண்டாம் தவணைக்குரிய 80,000 ரூபாயைச் சங்கம் ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் கட்டத் தயாராயிருக்கிறது. மூன்றாம் தவணை 50 கட்டும் ஜூன் 2-ஆம் தேதி கிடங்கில் இறங்கின. ஜூன் 5-ஆம் தேதி இரண்டு அங்கத்தினர்களின் முன்னிலையில் ஐந்து கட்டுகளைப் பிரித்து எண்ணியதில், கட்டுக்கு 400 சிட்டத்துக்குப் பதிலாக 340 சிட்டமே இருந்தன. எண்ணிக்கைக் குறிப்பு இரண்டாம் ஆவணம். ஜூன் 6-ஆம் தேதி, சரக்கை ஏற்கவில்லை, எடுத்துச் செல்க என்று விரைவு அஞ்சலில் எழுதியதன் நகலும் ஒப்புகைச் சீட்டும் மூன்றாம் ஆவணம். அக்கட்டுகள் இன்றும் நெசவுக்குக் கொடுக்கப்படாமல் கிடங்கிலேயே உள்ளன."

இதில் ஒரு வசை இல்லை. வாதியை அயோக்கியர் என்று எழுதவும் இல்லை. தேதி, தொகை, எண்ணிக்கை, ஆவணம் ஆகிய நான்குமே உள்ளன. செயலாளர் தாம் நேரில் அறிந்தவற்றையும், பதிவேடுகளிலிருந்து அறிந்தவற்றையும் வேறுபடுத்திச் சொல்வதும் நலம்.

இந்த எதிர்வாதத்துக்குச் சட்ட ஆதாரம் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் உள்ளது. விவரித்துச் சொல்லி விற்ற சரக்கு அவ்விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரையில் வாங்கியவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது 41-ஆம் பிரிவு. மறுத்த சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமையும் வாங்கியவருக்கு இல்லை. ஏற்க மறுத்ததைத் தெரிவித்தால் போதும் என்பது 43. ஆனால் மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும் என்கிறது 42. கட்டுகளை நெசவாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாலும் நிலை அதுவே. அந்நிலையில் சரக்கை மறுக்க இயலாது. 59-ஆம் பிரிவின்படி தரக்குறைவுக்கு ஈடாக விலையைக் குறைக்கக் கோரலாம். ஆகவே ஐம்பதில் பன்னிரண்டு கட்டுகள் தறிக்குப் போய்விட்டனவானால், அதை மறைக்காமல் சொல்லி, அப்பன்னிரண்டுக்கு விலைக் குறைப்பும் மற்றவற்றுக்கு முழு மறுப்புமாக எழுதுவதே சரி. மறைத்தால் சங்கத்தின் நூல் பட்டுவாடாப் பதிவேடே எதிரியின் சாட்சியாகிவிடும். அந்தச் சரக்குக்குச் சங்கம் சரக்கு சேவை வரியில் உள்ளீட்டு வரவு எடுத்திருந்தாலும் அதை வாதி எடுத்துக் காட்டத் தவறமாட்டார்.

புரோநோட்டின் பிரதிபலன் தவறிப்போனால் அதன் நேரடிக் கட்சிகளிடையே பொறுப்பு எழாது என்று 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு கூறுகிறது. நேரடிக் கட்சிகளிடையே என்ற சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்க. வியாபாரி அந்த நோட்டைப் பிரதிபலன் பெற்றுக்கொண்டு மூன்றாமவருக்கு மேலெழுதிக் கொடுத்துவிட்டால், அவரிடம் போய் நூல் தடிப்பு என்று சொல்ல முடியாது. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் இட்டுக் கொடுத்த நோட்டைப் பூர்த்தி செய்துகொள்ளவும் அச்சட்டத்தின் 20-ஆம் பிரிவு வைத்திருப்பவருக்கு அதிகாரம் தருகிறது. வெற்றுக் காசோலையையும் வெற்று நோட்டையும் ஈடாகக் கொடுக்கும் வழக்கம் சங்கங்களில் எவ்வாறு புகுந்ததோ, அதை நிறுத்துவது தணிக்கையாளர் வேலை மட்டுமன்று, நிர்வாகக் குழுவின் வேலை.

இதனினும் சாதாரணமாகத் தோன்றும் ஆபத்து ஒன்றுண்டு. ஆண்டு முடிவில் வியாபாரியின் கணக்கர், "தங்கள் பாக்கி இவ்வளவு, சரிதான் என்று கையொப்பமிட்டு அனுப்புக" என்று ஒரு தாள் அனுப்புவார். எழுத்தர் பேரேட்டைப் பாராமலே முத்திரை வைத்து அனுப்புவார். அது எழுத்து மூலமான கடன் ஒப்புதலாகி, காலாவதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுக் கெடுவைப் புதிதாகத் தொடங்கவும் வைக்கும். தரக்குறைவு என்ற வாதத்தின் வேரையும் அறுக்கும். தகராறிலுள்ள சரக்கின் தொகையைத் தனியே காட்டி, அது நீங்கலாக என்று எழுதியே கையொப்பமிட வேண்டும்.

அதிகார வரம்பு பற்றி

1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, சங்கத்தின் தொழில் சம்பந்தமாக அங்கத்தினர்களுக்கும் சங்கத்துக்கும், அல்லது ஒரு பதிவுபெற்ற சங்கத்துக்கும் மற்றொன்றுக்கும் எழும் தகராறுகள் பதிவாளரிடம் செல்ல வேண்டியவை. நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறையே இவ்வதிகாரத்தைச் செலுத்துகிறது. நூல் கொடுத்தது தனி வியாபாரியானால் இப்பிரிவு நமக்கு உதவாது. சிவில் நீதிமன்றமே இடம். கொடுத்தது ஒரு கூட்டுறவு நூற்பாலையானால், வழக்கு வந்த இடமே சரியில்லை என்பதை அனுமதி மனுவின் முதற் பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

தொகை மூன்று லட்சம் ரூபாயை எட்டினால் வேறொரு சட்டமும் குறுக்கிடும். 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வழக்குகளுக்கே வந்தது. 2018-இல் அவ்வெல்லை மூன்று லட்சமாகக் குறைக்கப்பட்டது. சரக்கு விற்பனைத் தகராறு அதில் அடங்கும். அவ்வழக்குகளில் 13-அ என்ற புதிய கட்டளையின்படி, சம்மன் சார்வான பின்னும் எழுவினாக்கள் வகுக்குமுன்னும் எக்கட்சியும் சுருக்கத் தீர்ப்புக் கோரி மனுச் செய்யலாம். எதிர்க்கட்சிக்குப் பதிலுரைக்க முப்பது நாள் உண்டு. வெற்றி பெறும் மெய்யான வாய்ப்பு எதிர்வாதத்துக்கு இல்லை, வாய்மொழிச் சாட்சிக்கு முன் தீர்க்கக் கூடாதென்பதற்கு வேறு வலுவான காரணமும் இல்லை என்று கண்டால்தான் அத்தீர்ப்புக் கிடைக்கும். நூலை எண்ணிய அங்கத்தினர்களை விசாரித்தாலன்றி உண்மை வெளிப்படாது என்று பதிலில் காரணத்தோடு சொல்ல வேண்டும். 37-ஆம் கட்டளையின்படியே தொடுத்த வழக்கில் இம்மனுவுக்கு இடமில்லை. மேலும், அவசர இடைக்கால நிவாரணம் கோராத வணிக வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என்று 2022-இல் பாட்டில் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த முயற்சி நடந்ததா என்று சங்கத்தின் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். சமரச அறிவிப்பு வந்தால் சங்கமும் போக வேண்டும். இரண்டாவது 80,000 ரூபாய் போன்ற பாக்கிகள் அங்கேயே தீர்ந்துவிடத் தக்கவை.

பயிர்த்தொழில் சங்கங்களுக்கு

மேற்கூறியவை யாவும் விதைக்கும் பொருந்தும். ஏரிப் பாசன ஊர்களில் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் சங்கம் மொத்தமாக விதை வாங்கிக் கொடுப்பதுண்டு. சான்று விதைக்கு நெல்லில் குறைந்தது 80 சதவிகிதமும் நிலக்கடலையில் 70 சதவிகிதமும் முளைப்புத் திறன் வேண்டும் என்பது தர விதி. முளைக்காத விதைக்குப் பணம் கேட்டுச் சுருக்க வழக்கு வந்தால், வயலைக் காட்டி முறையிடுவது மட்டும் போதாது. முளைக்காமைக்கு மழையும் காரணமாகலாம், விதைத்த ஆழமும் காரணமாகலாம் என்று வாதி சொல்வார். பையின் நீலச் சான்றுச் சீட்டு, குவியல் எண், பிரிக்காத பை ஒன்று, அதிலிருந்து விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு ஆகியவையே பேசும். நூலைப் போலன்றி விதையைப் பங்கிடாமல் வைத்திருக்க முடியாது, பருவம் காத்திராது. ஆகவே இங்கே பெரும்பாலும் விலைக் குறைப்பும் நஷ்டஈடுமே எதிர்வாதமாக அமையும். ஒவ்வொரு குவியலிலும் ஒரு பையைத் தலைவர், செயலாளர் முத்திரையுடன் ஒதுக்கி வைப்பதற்கு ஆகும் செலவு அற்பமே.

அனுமதிக்குப் பின்னும், தவறிய பின்னும்

அனுமதி கிடைத்தால் வழக்குச் சாதாரணப் பாதைக்குத் திரும்புகிறது. எதிர்வழக்குரை தாக்கலாகி விசாரணை நடக்கும். நிபந்தனையுடன் கிடைத்தால் குறித்த நாளுக்குள் பணத்தைக் கட்டியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வாதி அப்போதே தீர்ப்புக் கோரலாம். நிபந்தனை அநியாயமாகத் தோன்றினால் மேல் நீதிமன்றத்தை அணுகுவதும் அந்தக் கெடுவுக்குள்ளேயே ஆக வேண்டும்.

முன்னிலையாகாமல் டிக்ரி ஆகிவிட்டால் நான்காம் விதியின்படி அதை நீக்கக் கோரலாம். ஆனால் அதற்கு "விசேஷ சூழ்நிலை" காட்ட வேண்டும். 2003-இல் ரஜ்னி குமார் எதிர் சுரேஷ் குமார் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வர இயலாமைக்குக் காரணம் காட்டுவது மட்டும் போதாது, எதிர்வாத அனுமதிக்குரிய விவரங்களையும் அதே மனுவில் காட்ட வேண்டும் என்று கூறிவிட்டது. ஆகவே காலம் கடந்த பின்பும் எழுத வேண்டியது மேலே நாம் கண்ட அதே பிரமாணப் பத்திரந்தான், இன்னும் கடினமான நிலையில்.

டிக்ரியின் விளைவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கைவினைஞரின் கருவிகளை அவருடைய கடனுக்காக ஜப்தி செய்யலாகாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது. நெசவாளியின் சொந்தத் தறிக்கு இப்பாதுகாப்பு உண்டு. சங்கத்தின் வங்கிக் கணக்குக்கும், கிடங்கில் அடுக்கிய சேலைகளுக்கும், கோ-ஆப்டெக்ஸிலிருந்து வர வேண்டிய பாக்கிக்கும் அது இல்லை. தீபாவளிக்கு முன் கூலிக்கென்று வைத்த பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். ஜப்தியும், நிறைவேற்று மனுவில் சங்கம் தவணை கேட்கும் முறையும் தனிப் பாடத்துக்குரியவை; அவற்றை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.